பதினான்காம் கல்லுக்கு மேல்

பதினான்காம் கல்லைத் தாண்டியதும் கருங்கல் பாவிய பாதை முடிந்து செம்மண் தொடங்கியது. விடியற்காலை மழையில் நனைந்து, மிதித்தால் அச்சு அப்படியே பதியும்படி குழைந்து கிடந்த அந்த மண்ணில், யாரோ எதிர்ப்புறமிருந்து நடந்து வந்த தடம் இருந்தது.

அவள் நின்றாள். எதிர்ப்புறமிருந்து வரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. வர வேண்டிய தேவைதான் இல்லை. இந்த நடைபாதையில் இருபத்திரண்டு நாளாக எல்லோரும் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். உச்சியில் சன்னதி. கும்பிட்டுவிட்டு மறுபக்கம் பத்து நிமிடம் இறங்கினால் பேருந்து நிலையம். வந்த வழியே திரும்பி நடக்கிற அளவுக்கு யார் காலிலும் தெம்பு மிச்சமிருக்காது. போதாததற்கு, காலையில் விடுதிக்காரர் அவர்களுடைய நடை அட்டையில் முத்திரை குத்தும்போது சொல்லியிருந்தார்: "நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் யாருமே மேல போகலம்மா. மழைன்னு எல்லாரும் சுருண்டு படுத்துட்டாங்க. இன்னிக்கு நீங்க ரெண்டு பேருதான் முதல் போணி."

கடைசிப் பதினாறு கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டு, மேலே போகப் போக எண் குறைந்துகொண்டே வரும்படி செதுக்கியிருந்தார்கள்.

"என்னம்மா மகராசி, மண்ணுல எதையாவது தொலைச்சிட்டியா?"

பின்னால் நாத்தனார் வந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே தெரியும். முதலில் தடியின் 'டொக்', பிறகு வலது கால், பிறகு இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் 'சர்ர்'. பன்னிரண்டு நாளாக இந்த மூன்று சத்தமும் அவள் காதுக்குள்ளேயே குடியிருந்தன. தூக்கத்தில்கூடக் கேட்டன.

"யாரோ இறங்கி வந்திருக்காங்க அண்ணி."

"வந்தா வந்துட்டுப் போறாங்க. நீ வழிய விடு."

அவள் வழி விடவில்லை. குனிந்து, இடது கால் தடத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பட்டறையில் இருபது வருடமாக ஷூ தைக்கிறவள் அவள். ஒரு கால் குட்டையானவர்களுக்கு, சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்களுக்கு, விரல் எடுத்தவர்களுக்கு அளவெடுத்துத் தைத்துத் தருவது வேலை. மனிதர்களை அவள் முகத்துக்கு முன்னால் பாதத்தில்தான் பார்ப்பாள். தேய்ந்த அடித்தோலைக் கையில் கொடுத்தால் போட்டிருந்தவரின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடுவாள்.

இந்தத் தடத்துக்கு அவ்வளவு சாமர்த்தியம் தேவைப்படவில்லை. இடது பாதத்தின் வெளி விளிம்பில் கூடுதலாக ஒரு பட்டை பதிந்திருந்தது. அதில் மூன்று சாய்ந்த கீறல்கள். மூன்றாவது கீறல் கடைசியில் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது.

பத்தாம் நாள், நாத்தனாரின் இடது முட்டி வீங்கிப்போனபோது, வழியில் ஒரு சைக்கிள் கடையில் பழைய டயர்த் துண்டு வாங்கி, ஆப்பு மாதிரி சீவி, நாத்தனாரின் இடது ஷூவின் அடியில் அவள்தான் ஒட்டினாள். வழுக்காமல் இருக்கக் கத்தியால் மூன்று கீறல் போட்டாள். மூன்றாவது போடும்போது நாத்தனார் ஏதோ ஜோக் அடித்தார். சிரித்ததில் கத்தி வழுக்கி, கோடு வளைந்துவிட்டது.

நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றார். ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர், அறுபத்தொரு வயது, கழுத்தில் இன்னும் பழைய விசில். தடியை ஊன்றிக்கொண்டு தடத்தைப் பார்த்தார். பிறகு தன் இடது காலைத் தூக்கி, திசை மாற்றி, அந்தப் பள்ளத்தில் வைத்தார். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

"பாருடா, என் காலுக்கு ஒரு ரெட்டைப் பிள்ளை இருக்கும்போல" என்று சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றிருந்தார்.

இருவரும் பதினேழு வருடம் பேசிக்கொள்ளாமல் இருந்தவர்கள். ஏதோ ஒரு கல்யாணத்தில் போட்டோவுக்கு யார் முன்னால் நிற்பது என்று ஆரம்பித்த சண்டை. நாத்தனாரின் தம்பி, அதாவது அவள் புருஷன், நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தான். பதினோரு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் அவன் பல் துலக்கும்போது வாய் கோணி விழுந்தான். கை கால் ஓரளவு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எதிரெதிர் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, நான்காம் நாள் நாத்தனார்தான் எழுந்து வந்தார். "நான் நடக்கறதா நேர்ந்துக்கிட்டேன். நீயும் வர்றியா?" அவ்வளவுதான். பதினேழு வருடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்று காலை விடுதியிலிருந்து வீட்டுக்குப் பேசியிருந்தார்கள். மகள் போனை அவன் காதில் வைத்தாள். "இன்னிக்குப் போய்ச் சேந்துருவோம்டா" என்று நாத்தனார் கத்தினார். மறுமுனையில் "ம்" என்று ஒரு சத்தம். மகள் சொன்னாள், அப்பா சிரிக்கிறாரென்று.

நடந்தார்கள். தடம் எதிரே வந்துகொண்டே இருந்தது. பாதையின் இரு பக்கமும் உயர்ந்து நின்ற மரங்களிலிருந்து மழைநீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரப் பட்டையின் வாடையும் மட்கிய இலையின் வாடையும் கலந்து மூக்கை அடைத்தன. அவள் நிமிர்ந்து நடக்க எத்தனை முறை முயன்றாலும் கழுத்து தானாகக் கவிழ்ந்துவிட்டது. தொழில் பழக்கம். பதின்மூன்றாம் கல்லில் தடங்கள் நெருக்கமாக, அரைச் சாண் இடைவெளியில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நகர்ந்தவர் மாதிரி இருந்தன. இடது கால் இழுபட்ட கோடு நீளமாக இருந்தது. தடி ஊன்றிய குழி எங்குமே இல்லை. நாத்தனார் தடியில்லாமல் பத்தடி நடந்து பன்னிரண்டு நாளாயிற்று.

பதினோராம் கல்லில் இடைவெளி கூடியது.

ஒன்பதில் குதிகால் பதியவேயில்லை. முன்பாதம் மட்டும், மண்ணை வாரி இறைத்துக்கொண்டு.

"ஓடியிருக்காங்க" என்றாள் அவள்.

பின்னால் தடியின் 'டொக்' கொஞ்சம் வேகமாகக் கேட்டது.

எட்டாம் கல்லுக்கு அருகில் அந்த ஆள் விழுந்திருந்தார். ஒரு முட்டியின் பள்ளம், சறுக்கிய கோடு, முன்னால் அகல விரிந்த இரண்டு உள்ளங்கைகள். வலது கையின் மோதிர விரலடியில் சதுரமாக ஒரு சின்னக் குழி. அவள் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, நாத்தனார் தன் வலது கையில் உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்த சதுர மோதிரத்தை இடது கையால் மூடிக்கொண்டு நின்றார்.

"கீழ போயிடலாம் அண்ணி."

"போய்?"

"அந்த விடுதியில நாலஞ்சு பேரு இருக்காங்க. நாளைக்கு எல்லாரோடவும் சேர்ந்து..."

"இருபத்திமூணு நாளைக்குள்ளன்னு நேர்ந்துக்கிட்டேன். இன்னிக்குதான் இருபத்திமூணு. இவ்வளவு தூரம் நடந்துட்டு, எட்டுக் கல்லு பாக்கி வச்சுட்டுப் போயி என் தம்பி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" குரல் பள்ளிக்கூட மைதானத்தில் ஒலிப்பது மாதிரி உயர்ந்தது. பிறகு சட்டென்று இறங்கியது. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உன் காலடி எங்கயாவது திரும்பி வந்திருக்கா?"

பதினான்காம் கல்லிலிருந்து அவள் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். தான் தைத்த, தன் ஷூவின் தையல் ஓரத்தை. ஓரத்துப் புல்லில்கூடத் தேடினாள்.

"இல்ல அண்ணி."

"அப்போ நான் உன்னை விட்டுட்டுத் தனியா ஓடி வந்தேன்னு சொல்றியா?"

"நான் எங்க அண்ணி அப்படிச் சொன்னேன்?"

"மண்ணு சொல்லுதே!" நாத்தனாரின் கண் கலங்கிவிட்டது. பேய் பிசாசு பயத்தைவிட இந்த அவமானம்தான் அவரை அதிகம் சுட்டது போலிருந்தது. "பேசாம இருந்தோம், சரி. அதுக்காக உன்னை நடுக்காட்டுல விட்டுட்டு ஓடற ஆளா நான்? சொல்லு."

"இல்ல அண்ணி. நீங்க அப்படி இல்ல."

அந்தக் கைத்தடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். மிதிக்க இருவருக்குமே மனம் வரவில்லை.

ஏழாம் கல்லில் பனிமூட்டம் இறங்கியது. மத்தியானம் பன்னிரண்டரை மணி; ஆனால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத, பாலில் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு வெள்ளை எல்லாப் பக்கமும் நிரம்பி, மரங்களை முதலில் சாம்பல் கோடுகளாக்கி, பிறகு அதையும் அழித்தது. பறவைச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள், நினைவில்லை. சொட்டும் தண்ணீரும் நின்றிருந்தது. மீதி இருந்தது டொக், அடி, சர்ர். டொக், அடி, சர்ர்.

ஐந்தாம் கல்லில் தகரக் கூரை போட்ட நிழற்குடை ஒன்று இருந்தது. பாதை அதற்கு அப்பால் பாறையைச் சுற்றி வளைந்தது. அந்த வளைவிலிருந்துதான் தடங்கள் வந்தன, ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு மண்ணில் குத்தி.

நாத்தனார் அவளை பெஞ்சில் உட்கார்த்தினார். "நீ இங்கயே இரு. நான் அந்த வளைவு வரைக்கும் போயி என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்."

"வேண்டாம். சேர்ந்தே போலாம்."

"சேர்ந்து போயி, நான் ஓடி, நீ அங்க நிக்கவா?" சிரிக்க முயன்றார். "நீ இங்க இருந்தா, நான் எங்கிருந்து ஓடி வந்தாலும் உன்கிட்டதானே வரணும்? கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஓடறேன். விசில் அடிச்சுக்கிட்டே போறேன். விசில் கேட்டா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

டொக், அடி, சர்ர். வெள்ளைக்குள் போனார்.

விசில் ஒன்று கேட்டது. பக்கத்தில்.

இன்னொன்று. வளைவுக்கு அந்தப் பக்கம்.

மூன்றாவது வெகு தூரத்தில் கேட்டது. முட்டி வலிக்கிற ஒருவர் அவ்வளவு சீக்கிரத்தில் போயிருக்க முடியாத தூரம்.

பிறகு இல்லை.

அவள் உட்கார்ந்திருந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். "அண்ணி" என்று கூப்பிட்டாள். குரல் பஞ்சில் விழுந்த மாதிரி அங்கேயே அமுங்கியது. போனைப் பார்த்தாள். சிக்னல் விடுதியோடு போய்விட்டது, மணி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பத்து. இரண்டு பதினேழு. இரண்டு இருபத்தைந்து. போவதா, நிற்பதா? போனால் வழியில் தவறவிட்டால்? நின்றால், அங்கே விழுந்து கிடந்தால்?

எழுந்து நான்கடி வைத்தபோது நாத்தனார் வந்தார்.

வளைவிலிருந்து, நிதானமாக. கை வீசி.

"ஒண்ணும் இல்ல. வா."

"பயந்தே போயிட்டேன் அண்ணி! ஏன் விசில் அடிக்கல?"

"ஒண்ணும் இல்ல. வா" என்று கையை நீட்டினார்.

இருபத்திரண்டு நாளில் நாத்தனார் அவள் கையைப் பிடித்ததில்லை. பாசத்தை எல்லாம் அதட்டலில் காட்டுகிற ஆள். பயந்திருக்கிறார் போல என்று அவள் நினைத்தாள். மனசு இளகிக் கையைக் கொடுத்தாள். விரல்கள் அவள் உள்ளங்கையைச் சுற்றி மூடின. காய்ந்த கை. அவளுடைய தலைமுடியிலிருந்து, இமையிலிருந்து, சட்டை விளிம்பிலிருந்து பனிநீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கை மட்டும் காகிதம் மாதிரி காய்ந்திருந்தது.

"தடி எங்க?"

"தேவைப்படல."

நடந்தார்கள். பாறை வளைவைத் தாண்டினார்கள். அங்கே உண்மையாகவே ஒன்றும் இல்லை. பாதை, பனி, எதிரே வந்த தடங்கள். அவளுக்குள் எதுவோ அரித்தது. எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி, அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்பது மாதிரி ஓர் அரிப்பு. நான்காம் கல் வந்து போகும் வரை அது என்னவென்று பிடிபடவில்லை.

பிறகு பிடிபட்டது.

சத்தம் இல்லை. டொக் இல்லை, தடி இல்லையே. ஆனால் சர்ர் எங்கே? இழுப்பு எங்கே? அவளுடைய இரண்டு ஷூக்கள் மண்ணில் 'சதக், சதக்' என்று கேட்டன. பக்கத்தில் எதுவுமே கேட்கவில்லை.

குனிந்து பார்க்கலாம். கால்களைப் பார்ப்பதுதானே அவள் தொழில். கழுத்து கவிழ மறுத்தது. காலையிலிருந்து நிமிராத கழுத்து.

ஒரு வாடை வந்தது. பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் வருமே, அது.

"முட்டி வலி எப்படி அண்ணி?"

"தேவைப்படல."

முன்னால், வெகு தூரத்தில், விசில் சத்தம்.

அவள் நின்றாள். கை நிற்கவில்லை, இழுத்தது. மெதுவாக, ஆனால் கயிறு இழுக்கிற மாதிரி.

"அண்ணி, விசில் கேக்குது."

"எந்த விசில்?"

மறுபடி கேட்டது. நீளமாக இல்லை. துண்டு துண்டாக, ஓடிக்கொண்டே ஊதுகிற மாதிரி.

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டாள்.

"அண்ணி... அந்தக் கல்யாணத்துல, போட்டோவுக்கு... முன்னால நின்னது யாரு?"

பதினேழு வருடச் சண்டை. உயிரே போனாலும் நாத்தனார் விட்டுக்கொடுக்க மாட்டார். போன வாரம்கூட, கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே, "நான்தான் முன்னால நின்னேன், நீ என்னைத் தள்ளின" என்று மல்லுக்கு நின்றவர்.

"நீதான்" என்றது பக்கத்திலிருந்த குரல், அன்பாக. "எல்லாத்துலயும் நீதான் முன்னால."

மூன்றாம் கல்.

விசில். பக்கத்தில்.

காலடிகள். ஓடி வரும் காலடிகள். ஒன்று அழுத்தமாக, ஒன்று தடுமாறி. இடையில் மூச்சு, கிழிந்த துணி மாதிரி.

கையை உருவினாள். வரவில்லை. முறுக்கினாள். வரவில்லை. வலிக்கவும் இல்லை.

"யாரோ வராங்க" என்றது குரல். "ஒதுங்கி நில்லு."

பனி கிழிந்தது.

நாத்தனார் வந்தார். தடி இல்லை. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. வாயில் விசிலைக் கவ்வியிருந்தார், பல்லால், ஊத மூச்சில்லாமல். திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தவர், முன்னால் திரும்பி அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த நிம்மதியை அவள் பார்த்தாள். தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்த முகம். இரண்டு கையையும் நீட்டினார், பிடித்து இழுத்துக்கொண்டு ஓட.

பிறகு நாத்தனாரின் கண் நகர்ந்தது. அவளுடைய கைக்கு. கையைப் பிடித்திருந்த கைக்கு. அங்கிருந்து மேலே. இன்னும் மேலே. நாத்தனாரின் உயரத்துக்கும் மேலே.

விசில் வாயிலிருந்து விழுந்தது.

"அண்ணி!" என்றாள் அவள். "அண்ணி, என் கையப் புடிங்க!"

நாத்தனார் ஓரடி வைத்தார். உண்மையிலேயே வைத்தார், அதை அவள் பார்த்தாள். பிறகு நீட்டிய கைகள் இரண்டும் தாமாக மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டன.

"முடியலம்மா" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "என்னால முடியல. மன்னிச்சிரும்மா."

பாதையின் ஓரமாக, மரத்தில் உரசிக்கொண்டு, அவளைத் தொட்டுவிடாமல் சுற்றிக் கடந்து ஓடினார். மண்ணை வாரி இறைக்கும் காலடிகள் கீழே, கீழே போயின. அவர் எங்கே விழுவார் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

சத்தம் ஓய்ந்தது.

வெள்ளை. ஈரம். மூச்சு, அவளுடையது மட்டும்.

"வா" என்றது குரல், இப்போது தலைக்கு வெகு மேலே இருந்து. "பக்கம்தான்."

அவள் பார்க்கவில்லை. எதிரே மட்டும் பார்த்தாள். கால்கள் நடக்க ஆரம்பித்தன, அவள் நடத்தவில்லை.

அந்தக் காய்ந்த கை பிடியைத் தளர்த்தியது. தளர்த்தி, நடை பழகும் பிள்ளையின் கையைக் கோத்துக்கொள்வது போல, அவள் விரல்களுக்கு இடையே தன் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. பெருவிரல் வந்து புறங்கையில் படிந்தது.

அதற்குப் பிறகு இன்னொன்று வந்தது. மணிக்கட்டைச் சுற்றி.

அதற்குப் பிறகு இன்னொன்று.